வளையம் ஒன்பதில் இருக்க வேண்டும்

சிறுத்தையைப் பிடிக்கப் போகும் இடத்தில் தொல்லை தராத ஒரே ஜீவன் சிறுத்தைதான். வனத்துறையில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் சிரிப்பதில்லை.

அன்று ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலை. காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் பின்பக்கக் கொட்டகைக்குள் ஒரு பெண் சிறுத்தை புகுந்துவிட்டது. ஆட்களை வெளியேற்றிக் கதவை அடைத்திருந்தார்கள். ஆனால் கொட்டகையின் மறுகோடியில் தகரம் பெயர்ந்து ஓர் ஓட்டை. அதற்கு அப்பால் கரும்பு. கரும்பின் ஓரத்தில், வெட்டுக்கு வந்த குடும்பங்களின் குடிசைகள். ஓட்டையை மூட ஆள் போனால் மிருகம் மிரண்டு ஓடும். ஆகவே அது படுத்திருக்கும் இடத்திலேயே மயக்கிவிட வேண்டும். தப்பினால் அது போய்ச் சேருவது பிள்ளைகள் விளையாடும் இடம்.

சூப்பர்வைசர் அறை கொட்டகையைப் பார்த்தபடி உயரத்தில் இருந்தது. அதன் ஜன்னலில் மயக்க ஊசித் துப்பாக்கியை வைத்தேன். இந்தத் துப்பாக்கிக்குத் தூரம் தெரிந்தாக வேண்டும். தூரத்துக்குத் தக்கபடி வாயு அழுத்தத்தை வைக்காவிட்டால் ஊசி தலைக்கு மேலே பறக்கும், அல்லது பாதி வழியில் விழும். தூரம் காட்டும் லேசர் கருவியை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அது அங்கேயே குடியேறிவிட்டது. மிஞ்சியது துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்.

அதன் கண்ணாடியில் ஒரு சிலுவைக்கோடு, கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள். சிறுத்தையின் முதுகிலிருந்து நெஞ்சின் அடிவரை ஏறக்குறைய ஓர் அடி. அந்த ஓர் அடி எத்தனை புள்ளிகளுக்குள் அடங்குகிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். குறைந்த புள்ளிகளுக்குள் அடங்கினால் மிருகம் தள்ளி இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: உருவத்தைப் பெரிதாக்கும் வளையம் ஒன்பதில் இருக்க வேண்டும். குறைந்த எண்ணுக்குத் திருப்பினால் உருவம் சிறுத்துவிடும், புள்ளிகள் அப்படியே நிற்கும், கணக்கு பொய்யாகிவிடும்.

சிறுத்தை இரும்புப் பெட்டிகளுக்குப் பின்னால் படுத்திருந்தது. தலை மட்டும் தெரிந்தது. அது எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மனிதர்களுக்கு அதுதானே வராது? ஊர்த் தலைவரான சர்பஞ்ச் வந்தார், ஸ்கோப்பில் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். முடியாது என்றேன். போலீஸ் அதிகாரி வந்தார், அவருக்கும் பார்க்க வேண்டுமாம். அவர் பின்னால் வந்த மூன்று பேருக்கும் அதே ஆசை. எல்லோரையும் மராத்தியில் விரட்டினேன். என் வனக்காவலர் பாஸ்கர் கதவில் நின்று மிச்சப் பேரைத் தடுத்துக்கொண்டிருந்தான்.

“பிராணனை வாங்குறாங்களே, கர்த்தாவே!” என்று வாய்விட்டுப் புலம்பினேன். அது வினையாயிற்று.

“அட, மேடம் நம்ம தமிழா?” என்றார் மூலையில் நின்றவர். தொழிற்சாலையின் நிர்வாக மேனேஜர், பெயர் லக்ஷ்மிநாராயணன். “நான் நிக்டி. நீங்க எந்தப் பக்கம்?”

“தேஹு ரோடு. அப்பா ராணுவ டிப்போல இருந்தாரு.”

“பக்கத்து ஊராப் போச்சு! முதல்லயே சொல்லக் கூடாதா?”

அவரே போய் ஃபில்டர் காபி கொண்டுவந்தார். ரஞ்சன்காவில் ஃபில்டர் காபி! காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை. நான் குடித்து முடிக்கும்போது, “ஒரே ஒரு தடவை பாத்துக்கட்டுமா? பேத்திகிட்ட சொல்லணும்” என்றார். மற்றவர்களிடம் கல்லாக இருந்த நான், இவர் தமிழில் கேட்டதும் இளகிப்போனேன்.

“பாருங்க. எதையும் தொடாதீங்க.”

“சேச்சே.”

டம்ளரைக் கீழே வைக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். பாஸ்கர், “மேடம், எழுந்துடுச்சு!” என்று கிசுகிசுத்தான்.

பாய்ந்து போய் ஸ்கோப்பில் கண் வைத்தேன். பக்கவாட்டில் அழகாக நின்றது. புள்ளிகளை எண்ணினேன். கணக்கில் ஐம்பத்து நாலு மீட்டர் வந்தது. பார்வைக்கு அவ்வளவு தூரமாகப் படவில்லை. ஆனால் நீளமான இருட்டுக் கொட்டகையில் கண்ணை நம்பக் கூடாது என்று பயிற்சியில் மற்றவர்களுக்கு உபதேசம் செய்பவளே நான்தான். அழுத்தத்தை ஏற்றிச் சுட்டேன்.

ஊசி அதன் முதுகுக்கு மேலே பறந்து தகரத்தில் ‘டங்’ என்று மோதியது. சிறுத்தை ஒரே தாவலில் ஓட்டை வழியாக வெளியேறியது.

வளையத்தைப் பார்த்தேன். ஐந்தில் இருந்தது. ஐந்துக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினால் உண்மையான தூரம் முப்பது மீட்டர்தான்.

“இதைத் திருப்புனீங்களா?”

“முகம் மட்டுந்தான் தெரிஞ்சுது. முழுசாத் தெரியட்டுமேன்னு லேசா…” என்று இழுத்தார் லக்ஷ்மிநாராயணன்.

ஆத்திரத்தோடு வளையத்தை ஒன்பதுக்குத் திருப்பினேன். அதற்குள் போலீஸ் அதிகாரி உள்ளே வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். மேடத்தின் குறி தவறிவிட்டது என்று பிசிறில்லாத மராத்தியில் பதில் சொன்னார் அந்த மனிதர். பிறகு என்னிடம் குனிந்து, “மனசுல வச்சுக்காதீங்கம்மா. வேற ஆளா இருந்தா கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருப்பேன்” என்றார்.

“குடிசைக்குப் போறேன். நீங்களும் வாங்க. எப்படித் தப்பிச்சுதுன்னு நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.”

“எனக்கு மராத்தி அவ்வளவா வராதேம்மா.”

அவரை அங்கேயே விட்டுவிட்டு பாஸ்கரோடு நடந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். அவர்களிடம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன்: வளையம், புள்ளிகள், லேசர், அந்த ஆளின் பேத்தி.

குடிசைகளில் ஆண்கள் வெட்டுக்குப் போயிருந்தார்கள். சிறுத்தை கரும்புக்குள் இருக்கிறது, பிள்ளைகளை உடனே தொழிற்சாலை கேன்டீனுக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. இடுப்பில் ஒரு பிள்ளை, கையைப் பிடித்தபடி இன்னொன்று. என் தோளில் தொங்கிய துப்பாக்கியையே பார்த்தாள்.

“அடைச்சு வச்ச மிருகம் எப்படி வெளியே வந்துச்சு? இது உங்க கையிலதானே இருந்துச்சு?” என்று மராத்தியில் கேட்டாள்.

“ஆமாம், என் கையில்தான் இருந்தது” என்றேன்.

அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டு, அங்கே இல்லாத மூன்றாவதைத் தேடக் குடிசைக்குப் பின்னால் ஓடினாள்.