பழைய நம்பரின் புது வீடு

சவுந்தரநாயகத்துக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று உண்டென்றால், அது முறைப்பாடு எழுதுவதுதான். சினிமாவுக்குப் போனால் மூட்டைப்பூச்சி, கடற்கரைக்குப் போனால் காவலரண், தொலைக்காட்சியைப் போட்டால் மின்வெட்டு. தொண்ணூற்றாறாம் ஆண்டு மழை ஏமாற்றிவிட்டதால் கொழும்பு முறை வைத்து இருட்டில் கிடந்தது. முறைப்பாட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு பேனை, இரண்டு தாள், நடுவில் ஒரு காபன். வெள்ளவத்தையில் ரயில் பாதையில் போய் முட்டுகிற ஒழுங்கையொன்றின் கடைசி மாடிவீட்டில், மாலை ஆறு மணியானால் நாட்டின் பொதுச்சேவைகள் அத்தனையும் வரிசையில் நின்று அவரிடம் ஏச்சு வாங்கின.

முறைப்பாடுகளுக்குள் மூத்தது தொலைபேசியைப் பற்றியது. அவர் வீட்டு இலக்கத்துக்கும் பெருந்தெருவான காலி வீதியிலிருந்த ஒரு டிஸ்பென்சரியின் இலக்கத்துக்கும் கடைசி எண் மட்டுந்தான் வித்தியாசம். "டொக்டர் இருக்கிறாரோ?" என்று நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். முதல் ஆறு மாதம் "பிழையான நம்பர்" என்றார். அடுத்த ஆறு மாதம் சரியான நம்பரைச் சொல்லிக்கொடுத்தார். பிறகு மனைவி மனோன்மணி பொறுப்பெடுத்து, தடிமன் என்றால் கொத்தமல்லி, வயிற்றாலே போனால் சீனி போடாத பிளேன் டீ என்று சொல்லத் தொடங்கினார். இரண்டொருவருக்குச் சுகமும் வந்தது. அவர்கள் அடுத்த வருத்தத்துக்கும் இங்கேயே எடுத்தார்கள்.

இலக்கத்தை மாற்றித் தரும்படி இரண்டு வருடத்தில் இருபத்தாறு கடிதங்கள் போயின. தொலைபேசிக் கந்தோருக்கு நேரிலும் போனார். முதல் தடவை கோப்பைக் காணவில்லை. இரண்டாந் தடவை கோப்பு இருந்தது, அலுவலர் இல்லை. மூன்றாந் தடவை இருவரும் இருந்தார்கள், ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம். கோப்பும் சாப்பிடப் போயிருக்கக்கூடும்.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் யாரும் எதிர்பாராத அந்தச் சம்பவம் நடந்தது. கந்தோர் வேலை செய்தது.

காக்கிக் காற்சட்டை போட்ட ஒருவர் வந்து, கம்பத்தில் ஏறி, இறங்கி, புது இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சவுந்தரநாயகம் அன்று முழுக்க உலாத்தினார். கீழ் வீட்டுக்காரருக்குப் புது நம்பர், பேப்பர்காரருக்குப் புது நம்பர், பால் கொண்டுவருகிறவருக்கு வீட்டில் தொலைபேசியே இல்லை, அவருக்கும் புது நம்பர். "பாத்தீரே, எழுத்தின்ர பலத்தை" என்று மனோன்மணியிடம் ஏழு தடவை சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே, மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேட்டைப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு அவருடைய தங்கை தவமலர் வவுனியாவிலிருந்து எடுப்பதாக எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, காடு கடந்து, இரண்டு பிள்ளைகளோடு வவுனியா முகாமில் ஐந்து மாதமாக இருக்கிறார். கொழும்புக்கு வரப் பாஸ் வேண்டும். பாஸ் படிவத்தில், பொறுப்பேற்கும் வீட்டுக்காரரின் அடையாள அட்டை இலக்கமும் பொலிஸ் பதிவு இலக்கமும் வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால் இந்த முறை. தவறினால் அடுத்த முறை எப்போதென்று எவருக்கும் தெரியாது. கடிதத்தில் அனுப்பலாமென்றால், அவர் கடிதம் இங்கே வந்து சேரவே மூன்று கிழமை எடுத்திருந்தது.

மனோன்மணி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். தொலைபேசியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"என்னப்பா, தவமலருக்கு எந்த நம்பர் தெரியும்?"

தேத்தண்ணியை எடுத்த சவுந்தரநாயகத்தின் கை பாதி வழியில் நின்றது. பழைய நம்பரை, தங்கைக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் சிவப்புக் கோடு போட்டு எழுதி அனுப்பியவர் அவரே.

"பால்காரனுக்குச் சொன்னீங்கள்..." என்று மனோன்மணி தொடங்கினார்.

"வாயை மூடும்" என்றார், அதிகாரமில்லாத குரலில்.

பழைய நம்பரை அவர் சுழற்றினார். எங்கேயாவது செத்துக் கிடக்கும் என்று நினைத்தார். அது எங்கேஜ்! கந்தோர் இரண்டு வருடம் தூங்கினாலும் ஒரு நம்பரை ஒரு நாள்கூடச் சும்மா வைத்திருக்கவில்லை. வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது. மறுபடி சுழற்றினார். எங்கேஜ். ஒன்பது பத்து, ஒன்பது இருபது, எங்கேஜ். எந்த மனிதர்கள் காலங்காத்தாலே இவ்வளவு கதைக்கிறார்கள்? ஒன்பதரைக்கு விரல் நகம் நோகத் தொடங்கியது. ஒன்பது முப்பத்தேழுக்கு மணி போனது.

"ஹலோ" என்றது ஒரு பெண் குரல். அவர் வாய் திறக்குமுன், "டொக்டர் இல்ல. இது வீடு. காலையிலீந்து அஞ்சு பேர் கேட்டுட்டாங்க. யாரு இந்த டொக்டர்?"

"இல்லைப் பிள்ளை, நான் வருத்தக்காரன் இல்லை. நான் இந்த நம்பரின்ர பழைய ஆள்."

"எந்த நம்பர்ட?"

"உங்கட நம்பர். நேற்றுக் காலமை மட்டும் என்ர நம்பர்."

மறுமுனையில் குரல் இறுகியது. "இங்க பாருங்க, பதினொரு வருஷம் அப்ளிகேஷன் போட்டுக் கெடச்ச போன். திருப்பித் தர ஏலாது."

"ஐயோ, எனக்கு வேண்டாம்! நீங்கள் நூறு வருஷம் வைச்சிருங்கோ. என்ர தங்கச்சி மட்டும்..." என்று தொடங்கி வவுனியா, பாஸ், பத்து மணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். இருபத்தாறு கடிதங்களிலும் பந்தி பிரித்து எழுதிய மனிதருக்கு இப்போது முற்றுப்புள்ளி ஒன்றுகூட அகப்படவில்லை.

நடுவில், ரிசீவருக்குள் ஒரு ரயில் ஓடியது. தடதடவென்று குரலை விழுங்கிக்கொண்டு ஓடி முடிந்தது. அவர் மேலே பேச வாயெடுக்க, அதே ரயில் அவருடைய யன்னலுக்கு வெளியே வந்து கண்ணாடியை உதற வைத்துக்கொண்டு தெகிவளைப் பக்கம் போயிற்று.

"பிள்ளை, உங்கட வீடு எங்கை?"

அவள் ஒழுங்கையின் பெயரைச் சொன்னாள். அவர் ஒழுங்கையிலிருந்து மூன்றாவது.

"அப்ப என்னத்துக்குப் போன்ல நின்டு பேசுற? ஓடி வாங்க" என்றாள். "நஸீறா ஊடுன்டு கேளுங்க. போன ஒருத்தரும் தொட உடமாட்டன்."

காலி வீதியால் போனால் சுற்று. தண்டவாளத்தோரமாக நடந்தால் எட்டு நிமிடம். மனோன்மணி அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் அவர் சேட்டுப் பைக்குள் திணித்து, வாசல்வரை வந்து, "செருப்பு!" என்று கத்தினார். அவர் வெறுங்காலோடு படியிறங்கிவிட்டார்.

இரண்டாவது ஒழுங்கை முனையில் காவலரண். சிப்பாய் கையை நீட்டி மறித்தான்.

"கொஹேத யன்னே?" எங்கே ஓட்டம் என்பது கேள்வி.

"ரெலிபோன் கோல் எகக் கன்ன" என்றார் மூச்சிரைக்க. போன் கோல் ஒன்று எடுக்க.

"கெதர போன் நெத்த?"

வீட்டில் போன் இல்லையா என்று கேட்டால் உண்மையைத்தானே சொல்லவேண்டும். "தியெனவா" என்றார். இருக்கிறது.

வீட்டில் போனை வைத்துக்கொண்டு, மினுக்கிய சேட்டும் வெறுங்காலுமாகத் தண்டவாளத்தால் ஓடுகிற தமிழனைச் சிப்பாய் நன்றாகப் பார்த்தான். அட்டையை முன்னும் பின்னும் திருப்பினான். கடைசியில், இந்த மனிதனின் பிரச்சினை பாதுகாப்புத் தொடர்பானதல்ல என்று முடிவெடுத்தவன்போல, "யன்ன, யன்ன" என்று போகச்சொல்லித் தலையை ஆட்டினான்.

நஸீறா வீட்டு வாசலை எட்டியபோது பத்துக்கு மூன்று நிமிடம். முன்னறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல், அதில் பின்னல் விரிப்பு, அதன்மேல் தொலைபேசி. எல்லோரும் புதுப் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். நஸீறாவின் கணவர் நிலாமின் மடியில் ஒரு அப்பியாசக் கொப்பி. அதில் நாற்பத்தொரு சொந்தக்காரரின் பெயரும் இலக்கமும். பதினொரு வருடமாகச் சேர்த்தது. ஆறு பேருக்குப் பேசி முடிய நஸீறா ரிசீவரைப் பிடுங்கி வைத்துவிட்டாளாம்.

"ஒக்காருங்க ஐயா" என்றார் நிலாம். கை மட்டும் கொப்பியை விடவில்லை.

பத்து ஆனது. பத்தேகால் ஆனது. பத்து இருபதுக்கு மணி அடித்தது. ஒன்பது பேரும் சவுந்தரநாயகத்தைப் பார்த்தார்கள். எடுத்தார்.

"டொக்டர் இருக்கிறாரோ?"

"இல்லை. கடைசி எண் ஏழு இல்லை, எட்டு. பிள்ளைக்கோ காய்ச்சல்? கெதியா அங்கை எடுங்கோ" என்று வைத்தார்.

நஸீறா இடுப்பில் கைவைத்தாள். "அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்ச டொக்டர்தானா?"

இனி மறைத்து என்ன. இரண்டு வருடக் கதை, கொத்தமல்லி, இருபத்தாறு கடிதம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். தான் தள்ளிவிட்ட தொல்லைதான் இவர்கள் தலையில் வந்து இறங்கியிருக்கிறது என்று தலையைக் குனிந்தார்.

நிலாம் யோசித்தார். "அப்ப நீங்க கடிதம் எழுதாட்டி இந்த நம்பர் எங்களுக்கு வந்தீக்காது?"

"வந்திராது."

"இன்னும் பதினொரு வருஷம் போயீக்கும்" என்றார் நிலாம். "நாளைக்குப் பன்னெண்டு வருத்தக்காரர் என்ன பெரிசா? நாங்களும் ரெண்டு கைமருந்து படிச்சிக்கிறோம். நஸீறா, ஐயாக்கு டீ ஊத்து."

டீ வந்தது. கூடவே வட்டிலப்பமும் வந்தது; போன் வந்ததற்காக அவித்த இனிப்பு. அதைக் கையில் வாங்கிய நேரம் பார்த்து மணி அடித்தது.

"அண்ணை?"

ஐந்து மாதமாகக் கேட்காத குரல். மெலிந்திருந்தது, குரல் மெலியுமென்று அவருக்கு அதுவரை தெரியாது.

"தவம்! நான்தான். எழுது, எழுது."

"எழுதத்தான் நிக்கிறன். எனக்குப் பின்னாலை நாற்பது பேர் நிக்கினம், மூண்டு நிமிஷந்தான் தருவினம். ஏன் அண்ணை மூச்சு வாங்குது?"

"அது பிறகு. அடையாள அட்டை, எழுது." இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். நஸீறா பொலிஸ் துண்டை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். அவருடைய மூக்குக் கண்ணாடி வீட்டில். அவர் எழுத்துத் தெரியாமல் முழிக்க, அவளே சத்தமாக வாசித்தாள், அவர் திருப்பிச் சொன்னார்.

"அது ஆர் அண்ணை, அண்ணியின்ர குரல் மாதிரி இல்லை?"

"எங்கட ஆக்கள்தான்" என்றார். யோசிக்காமல்தான் சொன்னார்.

"பன்னிரண்டுக்குள்ளை குடுத்திடுவன். சீல் குத்தினா உடனை எடுத்துச் சொல்லுறன், இதே நம்ப..." கோடு அறுந்தது.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு நின்றார். இதே நம்பர். புது நம்பரைச் சொல்ல மறுபடியும் மறந்தாயிற்று. இன்னும் ஒன்றரை மணித்தியாலம், மற்றவர்கள் பதினொரு வருடம் பார்த்திருந்த போனை, அவர்களே தொடாமல் இவருக்காக வைத்திருக்கவேண்டும். இதைக் கேட்க ஒரு வாய் வேண்டுமே. முறைப்பாடு என்றால் மூன்று பக்கம் எழுதுவார். உதவி கேட்க ஒரு சொல் வரவில்லை.

நிலாம் கொப்பியை மூடினார். மூடி, அதன்மேல் உட்கார்ந்தார்.

"எங்கட ஆக்கள் எங்க ஓடப்போறாங்க" என்றார்.

அந்த ஒன்றரை மணித்தியாலம் ஒருவரும் தொலைபேசியைத் தொடவில்லை. நஸீறாவின் மாமி ஒரு தடவை விரிப்பின் மடிப்பை நீவக் கையை நீட்டினார், எட்டுப் பேர் "உம்மா!" என்றார்கள். கையை எடுத்துக்கொண்டார். மின்வெட்டு வந்து காற்றாடி நின்றது. எல்லோருக்கும் வியர்த்தது. சவுந்தரநாயகத்துக்கு மட்டும் யாரோ ஒரு பேப்பரை மடித்து விசிறக் கொடுத்தார்கள். வேறு வீடென்றால் மின்சாரத்தைப் பற்றி இந்நேரம் ஒரு கருத்துச் சொல்லியிருப்பார். அன்று தோன்றவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு மணி அடித்தது.

"சீல் குத்தியாச்சு அண்ணை. செவ்வாய்க்கிழமை ரயில். மருதானைக்கு வந்து நில்லுங்கோ. சின்னவன் கேக்கிறான், மாமா வீட்டிலை ரீவி இருக்கோ எண்டு."

"இருக்குது எண்டு சொல்லு. கரண்டும் சில நேரம் இருக்கும் எண்டு சொல்லு" என்றார். பிறகு ரிசீவரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். நஸீறா ரிசீவரை மெல்ல வாங்கி, "பயப்புடாதீங்க தங்கச்சி, அண்ணன் சந்தோசத்துல நிக்கிறாரு. வாங்க, புள்ளையளோட வாங்க" என்று சொல்லி வைத்தாள். கூடவே அவருடைய புது நம்பரையும் சொல்லிவிட்டே வைத்தாள். பொலிஸ் துண்டின் பின்பக்கத்தில் அவர் எழுதி வைத்திருந்ததை அவளே பார்த்து வாசித்திருந்தாள்.

அறையில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். யாரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

சவுந்தரநாயகம் எழும்பினார். ஏதாவது சொல்லவேண்டும். கடிதமென்றால் "தாழ்மையுடன்" என்று தொடங்கலாம். அந்தச் சொல் இந்த அறைக்குள் எப்படி இருக்குமென்று யோசித்துப் பார்த்தார். நன்றாக இருக்காது.

அவர் மறுபடி உட்கார்ந்தார், இந்த முறை ஸ்டூலுக்குப் பக்கத்தில். ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"நிலாம், கொப்பியை விரியும்" என்றார். "நீர் வாசியும், நான் சுத்துறன். எங்கேஜ் எண்டால் எனக்குப் பொறுமை இருக்குது, இரண்டு வருஷம் பழகினது. ஏழாவது ஆர்?"

"மாளிகாவத்த பெரியம்மா" என்றார் நிலாம், கொப்பியை அடியிலிருந்து உருவிக்கொண்டே.

"சொல்லும்."

மாளிகாவத்தைப் பெரியம்மா எங்கேஜ். அவர் மறுபடி சுழற்றினார்.