ஒரு கட்டம்கூட வெட்ட மாட்டேன்

பிள்ளையார்பாளையத்தில் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் அன்னப்பறவை போடுவதில் எனக்கு இணை இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பழைய புடவையைப் பார்த்துப் போடாமல், நானே யோசித்துக் கட்டம் கட்டமாக நிரப்பிய முதல் டிசைன் இந்த அன்னம். கடைக்காரர் ராஜவேலு அண்ணன் அன்று மாலை அதைப் பார்க்க வருவதாக இருந்தார். பிடித்தால் தறிக்குப் போகும். இல்லாவிட்டால் மறுபடியும் அடுத்தவர் டிசைனைத் திருத்துகிற வேலைதான் எனக்கு.

இந்த நேரம் பார்த்து மானிட்டர் கண்ணை மூடியது. என் கணவர் தினகரன் அகலமான மானிட்டர் ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். அதில் என் அன்னம் தின்று கொழுத்த வாத்தாக நின்றது. ராஜவேலு அண்ணனுக்குப் போனில் படம் அனுப்பினேன்.

"இன்னாமா இது, வாத்து மாதிரி இருக்குது? ரெண்டு பக்கமும் கட்டத்தை வெட்டி ஒல்லியாக்கு" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. தினகரன் தறியிலிருந்தபடியே சமாதானம் சொன்னார். "கிராஃப்ல எப்பவும் அப்டித்தானே இருக்கும்? துணியில வந்தா சரியாயிடும்மா."

அது உண்மைதான். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் கணக்கு வேறு, குறுக்கே ஓடும் ஊடை நூல் கணக்கு வேறு. கட்டத்தில் கோணலாகத் தெரியும் உருவம் துணியில் நேராகிவிடும். அந்தக் கோணலுக்குப் பழகிப்போன கண் என்பதால்தான் எங்கள் இருவருக்கும் மானிட்டர் மேல் சந்தேகமே வரவில்லை.

எரிச்சலில் டிசைனை மூடினேன். பின்னால் திரை முழுக்க எங்கள் கல்யாணப் போட்டோ. நூல் மாதிரி இருக்கிற மனுஷன் அதில் பூசணிக்காய் முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க. அன்னத்தை கிராஃப் குண்டாக்கிச்சு, சரி. உங்களையும் கிராஃபா குண்டாக்கிச்சு?"

வந்து பார்த்தவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல்தான்!

எங்களுடையது லினக்ஸ். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1024க்கு 768 என்ற பழைய அளவு மட்டுமே இருந்தது. பழைய கேபிள் வழியாக மானிட்டர் தன் அளவைச் சொல்லவில்லை. வந்த சின்னப் படத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டியிருக்கிறது. அது சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். டெர்மினலைத் திறந்து, cvt என்ற கட்டளையில் 1920க்கு 1080க்கான வரியை வாங்கி, திரை அளவை மாற்றும் xrandr-இல் கொடுத்து எண்டரைத் தட்டினேன்.

திரை இருண்டது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்ற எழுத்து மட்டும் மிதந்தது. வாசலில் ராஜவேலு அண்ணனின் வண்டி வந்து நின்றது.

"இன்னாமா, கரண்ட் இல்லியா?"

"இருக்குதுண்ணா. உக்காருங்க."

அணைத்துப் போட்டால் கம்ப்யூட்டர் அந்தக் கட்டளையை மறந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அணைத்துப் போட்டேன். வாத்து காலத்துத் திரை திரும்பி வந்தது. இந்த முறை cvt-யோடு -r சேர்த்து, மானிட்டர் தாங்குகிற மாதிரி புது வரி வாங்கிக் கொடுத்தேன். ஒரு நொடி இருட்டு. பிறகு எழுத்தெல்லாம் கூர்மையாக வந்தது. டிசைனைத் திறந்தேன்.

என் அன்னம் கழுத்தை வளைத்து நின்றது. கட்டத்துக்கே உரிய சின்னக் கோணல் மட்டும் மிச்சம். அது ராஜவேலு அண்ணன் கண்ணுக்கும் பழகியதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எங்க வெட்டினே?"

"ஒரு கட்டம்கூட வெட்டலண்ணா. வெட்டியிருந்தா புடவையில கொக்குதான் நிக்கும்."

சிரித்துவிட்டார். "தினகரா, இதை மொதல்ல உன் தறியிலயே ஏத்து. பேரு இன்னா வெக்கலாம்?"

அவர் கடை டிசைன்களுக்கெல்லாம் அவர் வீட்டுப் பெண்களின் பெயர்தான். நான் வாயைத் திறப்பதற்குள் தினகரன் என் பெயரைச் சேர்த்துச் சொன்னார். "கலாவதி அன்னம்."

ராஜவேலு அண்ணன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "கலாவதி அன்னம். நல்லாத்தான் இருக்குது. இதுக்கு இணை இல்லமா."

அடக்கமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. காதில் விழாதவள் போல, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.