ஒரு புள்ளிக்குக் குரல், இரு புள்ளிக்கு ஆள்

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலைச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள், சங்கரன்கோவில் வட்டாரத்துச் சுயம்புலிங்கங்கள் அத்தனை பேரும் முகம்மது யூசுப்பின் பிரியாணிக் கடை வாசலில் வந்து நின்றார்கள். சிவகிரிக்காரர் கையில் மண்வெட்டி இருந்தது. ராயகிரிக்காரருக்குப் பாதி முகம்தான் சவரம் ஆகியிருந்தது. எதற்கு வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கோபப்படவும் இல்லை. எதிர்க்கடை வேல்ராஜுக்கு டீ ஆற்றிக் கை ஓய்ந்தது.

வரவழைத்தவள் யூசுப்பின் மகள் ஷஹீரா. கடையின் மாடியில் இருந்தபடி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். ஒரு பெயரை எப்படியெல்லாம் எழுதியிருந்தாலும் கணினி அதைக் கண்டுபிடிக்கும்படி, எழுத்தும் குறியும் கோத்த தேடல் கோவை எழுதுவது அவள் தொழில். அந்தக் கோவையில் ஒரு புள்ளி வைத்தால் அந்த இடத்தில் எந்த எழுத்தும் வரலாம். புள்ளிக்கு அடுத்து நட்சத்திரம் வைத்தால் எத்தனை எழுத்தும் வரலாம். அந்த ஆடியில் மலைக்காற்று பலமாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தால் அவள் தட்டுவது காற்றோடு போய், பொருந்தியதைக் கூட்டிவந்தது. ‘முரு’ என்று தட்டிய அன்று முருங்கைக்காய் வண்டியும் முருகேசன் வாத்தியாரும் சேர்ந்தே வந்தார்கள். ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்படி வாப்பா சொன்னார், சாத்திக்கொண்டாள்.

கடைக்கு ஆடு கொண்டுவரும் பனவடலிசத்திரத்து மாடத்திதான் அதைத் திறக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், அவள் தம்பி சுயம்புலிங்கம், தன்னைக் கேட்காமல் அவள் ஒரு கிடாயை விற்றதற்குக் கோபித்துக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போனவன். போன் நம்பரும் மாறிவிட்டது. மருமகள் பிறந்ததே அவனுக்குத் தெரியாது.

ஷஹீரா ‘சுயம்பு’ என்று தட்டிப் புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்தாள். கூட்டம் வந்தது; தம்பி வரவில்லை.

“இதுல ஒருத்தனும் அவன் இல்லட்டி,” என்று மாடத்தி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஷஹீராவின் பெயரையே பள்ளியில் சகிரா என்றும் கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஜஹீரா என்றும் எழுதியிருந்தார்கள். பெயரில் முதல் எழுத்துதான் முதலில் கெடும் என்பது அவள் அனுபவம். ‘சு’வை அழித்து, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். வாசலில் நின்ற சுயம்புகளுக்கெல்லாம் தொண்டை அடைத்து, டீ குடித்ததும் சரியானது. பிறகு ஒரு குரல் வந்தது. குரல் மட்டும்.

“யக்கா, கிடாய வித்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

மாடத்தி சுற்றும்முற்றும் பார்த்தாள். “ஏலே, ஒடம்ப எங்கல போட்டுட்டு வந்த?”

“அது திருப்பூர்ல தச்சிக்கிட்டு இருக்கு. பேசாம தைக்குதுன்னு சூப்பர்வைசருக்கு ரொம்ப சந்தோசம்.”

பனியன் கம்பெனியில் சேர்ந்த அன்றே யாரோ அவனைக் குயம்பு என்று எழுதிவிட்டார்களாம். திருத்தச் சொல்லக் கூச்சப்பட்டுக் குயம்பாகவே இருந்துவிட்டான். ஷஹீராவுக்கு விளங்கிவிட்டது. நமக்குக் ‘கு’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு. ஒற்றைப் புள்ளி உகரத்தை மட்டும் பிடித்திருந்தது. உயிர் வந்துவிட்டது, மெய் திருப்பூரிலேயே நின்றுவிட்டது.

“கொரலு சரிதான். உக்கார மடி வேணும்லா மக்கா,” என்றாள் மாடத்தி.

ஷஹீரா இன்னொரு புள்ளி வைத்தாள். திருப்பூரிலிருந்து பஸ் வந்து சேர நேரமானது. அதுவரை அக்காளும் குரலும் நடுத்தெருவில் கிடாய்ச் சண்டை போட்டார்கள். சுயம்புகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். கால் ஊனமான கிடாய் வைத்திருந்தாலும் தேறியிருக்காது என்று சிவகிரிக்காரர் சொன்னதைக் குரல் கடைசியில் ஒப்புக்கொண்டது. சாயங்காலம் கழுத்தில் அளவு நாடாவோடு உடம்பு வந்து இறங்கியபோது பேச எதுவும் மிச்சமில்லை. மாடத்தி அதைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாமன் மடியில் காது குத்தினார்கள். பிள்ளை போட்ட சத்தம் கோயில் வாசல் வரை கேட்டது. ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்ட சுயம்புகளும் மாமன் முறைக்கு வரிசையில் நின்றதால், சங்கரன்கோவில் வட்டாரத்திலேயே அதிக மாமன்கள் உள்ள பிள்ளை அதுதான்.

தம்பி இப்போது ரதவீதியில் தையல் கடை வைத்திருக்கிறான். இன்றைக்கும் குரல் சற்று முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான். ஆளில்லாத தெருவில் “அண்ணாச்சி, ஒரு டீ” என்று கேட்டதும் வேல்ராஜ் ஆற்றத் தொடங்குகிறார். ஆள் வந்து சேரும்போது டீ குடிக்கிற சூட்டில் இருக்கும்.