ஐந்து லிட்டரில் நூற்றைம்பது

வெங்கடேசனின் காரில் பெட்ரோல் முள் செத்து ஒரு வருஷம் இருக்கும். சிவப்பு விளக்கும் எரியாது. அவன் அதைச் சரிசெய்யவே இல்லை. கணக்குத் தெரிந்தவனுக்கு முள் எதற்கு என்பான்.

அவன் கணக்கு இதுதான். ஐந்து லிட்டர் போடுவான், அதற்குமேல் ஒரு சொட்டு போடமாட்டான். டேங்க் நிரம்பினால் அதுவே சுமை, சுமை ஏறினால் மைலேஜ் இறங்கும் என்பது அவன் கட்சி. முதலில் ஐந்து லிட்டரில் நூறு கிலோமீட்டர் ஓட்டினான், வண்டி நிற்கவில்லை. அடுத்து நூற்றிருபது ஓட்டினான், அப்போதும் நிற்கவில்லை. நிற்காதவரை எல்லாம் மைலேஜ்தானே என்று இழுத்து இழுத்துப் போன மாதம் நூற்று நாற்பதைத் தொட்டுவிட்டான். லிட்டருக்கு இருபத்தெட்டு! அந்தக் கிழட்டு வண்டிக்கு இது நடக்கிற காரியமா என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் வாயைப் பிளந்தார்கள். அடுத்த குறி நூற்றைம்பது என்று அதே குழுவில் சொல்லியும் வைத்துவிட்டான்.

இதற்காக வீட்டில் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மே மாத வெயிலிலும் ஏசி கிடையாது. சரிவு வந்தால் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவான். மகள் கீர்த்தனாவின் புத்தகப் பையைக்கூட டிக்கியில் வைக்க விடமாட்டான். ஸ்டெப்னி டயரும் ஜாக்கியும் வெட்டிச் சுமை என்று இறக்கி, சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் வீட்டுப் பின்பக்கச் சுவரோரம் போட்டுவிட்டான். பஞ்சரானால் என்ன செய்வாய் என்று மனைவி தமிழ்ச்செல்வி கேட்டதற்கு, ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை அடைத்தான்.

அந்த ஸ்டெப்னிக்குள்தான் நல்ல பாம்பு சுருண்டு கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் தமிழ்ச்செல்வி பின்பக்கம் பெருக்கப் போனவள், டயரை நகர்த்தக் கையை விட்டாள். புறங்கையில் கொத்திவிட்டது.

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி சத்தம் கேட்டு ஓடிவந்தாள். கீர்த்தனாவைத் தன் கணவன் ஜெரோமிடம் விட்டுவிட்டுக் கூடவே காரில் ஏறிக்கொண்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். அது ஏறி முடிந்ததும் டாக்டரம்மா வெங்கடேசனைத் தனியே கூப்பிட்டு, மூச்சு தளர்ந்துபோக வாய்ப்பிருக்கிறது, அப்படி ஆனால் மெஷின் வேண்டும், செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, திரும்ப நேரமாகும். கார் இருக்கிறதா என்று கேட்டார். வெங்கடேசன் தலையை ஆட்டினான்.

ஆட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோதுதான் மீட்டர் அவன் கண்ணில் பட்டது. கடைசியாகப் பெட்ரோல் போட்டதிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று. இதுவரை ஓட்டியதிலேயே அதிகம். செங்கல்பட்டு இன்னும் முப்பது கிலோமீட்டர். அவன் கணக்குப்படி டேங்கில் இருந்தது வெறும் ஈரம்.

சொல்ல வாய் வரவில்லை. வழியில் பங்க் இருக்கிறது, போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினான். பங்கில் கயிறு கட்டியிருந்தது. டேங்கர் லாரி லோடு இறக்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓடிக் கையைக் கூப்பினான். பங்க்காரர் காரை எட்டிப் பார்த்தார், முகம் வாடியது, ஆனாலும் லோடு இறங்கும்போது குழாயைத் தொட்டால் எல்லோருமாகச் சேர்ந்து எரிந்துபோவோம் என்றார். திருக்கழுக்குன்றத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

வேறு வழியில்லை, தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் எடுத்தான். டாப் கியரில் நாற்பத்தைந்தைத் தாண்டாமல், ஆக்ஸிலரேட்டரை முட்டையை மிதிக்கிற மாதிரி மிதித்தான். லாரியை முந்தவில்லை. ஆட்டோக்காரர்கள்கூட அவனைத் தாண்டிப் போனார்கள்.

"அண்ணா, ஏசி போடுங்க. அக்காவுக்கு வேர்த்து ஊத்துது" என்றாள் ஜெஸ்ஸி.

"கண்ணாடிய எறக்கு. காத்து வரும்."

"வேகமாவாச்சும் போங்கண்ணா. அக்காவுக்குக் கண்ணு சொருகுது."

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. பெட்ரோல் இல்லை என்று சொன்னான். வேகமாகப் போனால் நடுரோட்டில் நின்றுவிடும், மெதுவாகப் போனால் ஒருவேளை பங்க்வரை இழுத்துவிடும் என்றான். ஜெஸ்ஸி தமிழ்ச்செல்வியின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு கையால் விசிறினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

தமிழ்ச்செல்வி ஏதோ சொன்னாள். நாக்கு தடித்துவிட்டதால் வார்த்தை குழைந்தது. ஜெஸ்ஸி அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள்.

"அண்ணா, பெட்ரோல் இருக்குதுன்னு சொல்றாங்க."

"அவளுக்கு இன்னா தெரியும். வெசம் தலைக்கு ஏறிக்கினு ஒளற்றா" என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. உளறுகிறாள் என்று அவன் முழுசாக நம்பினான். வண்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாததா?

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் சாலை ஒரு மேடு ஏறி இறங்கும். தினமும் உருட்டுகிற இடம்தான். கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது, எஞ்சின் அடங்கியது. சரிவில் வண்டி வேகம் பிடித்தபோது, முன்னால் போன பஸ் ஆளை இறக்கச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தான். எஞ்சின் அணைந்த வண்டியில் பிரேக் கல்லாகிக் கிடந்தது. இரண்டு காலையும் வைத்து ஏறி நின்று மிதித்தான். பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

எஞ்சின் சத்தம் இல்லாததால் அப்போதுதான் அவளுடைய மூச்சு அவன் காதில் விழுந்தது. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி கொரகொரவென்று இழுத்தது. அதற்கு நடுவில் அவள் பேசினாள்.

"கீது... நெறைய கீது... நான் போட்டேன்."

திரும்பிப் பார்த்தான். இமை இரண்டும் தொங்கிப்போயிருந்தன. ஜெஸ்ஸியின் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒன்றிரண்டு மட்டும் வண்டியை அழுத்து, அழுத்து என்பதுபோல் அசைந்தன.

அவள் சொல்வது பொய்யானால், இங்கிருந்து விரட்டுகிற வண்டி வெட்டவெளியில் நின்றுவிடும், அவன் கண்ணெதிரே அவள் மூச்சு நின்றுபோகும். நிஜமானால், அவன் இவ்வளவு நேரம் அவள் உயிரை வைத்துக்கொண்டு மைலேஜ் பார்த்திருக்கிறான். எதை நம்புவது? பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் அவனிடம் இல்லாததை இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

சாவியைத் திருப்பினான். ஏசியை முழுசாகத் திறந்துவிட்டு மிதித்தான்.

திருக்கழுக்குன்றத்துப் பங்கில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. நிற்கவில்லை, தாண்டினான். மீட்டர் நூற்றைம்பதை எப்போதோ தாண்டியிருந்தது. அவன் குழுவில் சொல்லிவைத்த அதே நூற்றைம்பது. அவன் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சின் இருமப்போகிறது, குலுங்கப்போகிறது என்று காத்திருந்தான். அது இருமவே இல்லை. நல்லா ஊட்டி வளர்த்த பிள்ளை மாதிரி ஓடியது. ஓட ஓட அவனுக்கு நிம்மதியோடு வெட்கமும் ஏறியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தபோது அவளுக்கு மூச்சு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள், குழாயைப் போட்டு மெஷினில் மாட்டினார்கள். பிழைத்துக்கொள்வார் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். கதவு மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் கிடந்தவனை வாட்ச்மேன் வந்து எழுப்பினார்.

"வெள்ளக் காரு உன்தா அண்ணாத்த? ரொம்ப நேரமா எஞ்சின் ஓடிக்கினு கீது. பெட்ரோல் வீணாப் போவுது பாரு."

போய்ப் பார்த்தான். நாலு கதவும் திறந்தபடி, ஏசி முழு வேகத்தில் ஊதிக்கொண்டு, வண்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தான். பழக்கதோஷம், மனசு தானாகக் கணக்குப் போட்டது. அவள் எவ்வளவு போட்டிருக்க வேண்டும், எத்தனை தடவை போட்டிருக்க வேண்டும்? சனிக்கிழமைதோறும் கீர்த்தனாவை டான்ஸ் கிளாஸில் விட இதே காரைத்தான் அவள் எடுத்துக்கொண்டு போவாள். கணக்கு நூற்று நாற்பதைத் தின்றது, நூற்றிருபதையும் தின்னப் பார்த்தது. அதற்குமேல் போட அவனுக்குத் தைரியம் வரவில்லை. வாய்விட்டு அழுதான்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் கட்டியிருந்தது, ஆனாலும் அவள் முதலில் கீர்த்தனா சாப்பிட்டாளா என்றுதான் கேட்டாள். சாப்பிட்டாள் என்றான். பாம்பு கொத்திய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"எப்போலேர்ந்து பெட்ரோல் போட்டுக்கினு கீற?"

"மொத தபா நூத்திருபதுன்னு குதிச்சியே, அப்போலேர்ந்து. புள்ளைய வச்சிக்கினு எங்கனா நின்னுடப்போவுதுன்னு பயம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

தமிழ்ச்செல்வி அவனைப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை.

"வண்டியிலதான் சொன்னேனே" என்றாள்.