காசியம்மாளுக்கு ஒரு தலைப்பு

"அந்தக் கை யாரோடதுன்னு கேட்டா..."

"கையைப் பார்க்காதீங்கம்மா, வெளிச்சம் விழுந்திருக்கிற அழகைப் பாருங்க..."

"வெளிச்சத்தை நீயே வச்சிக்கப்பா. கை என்னுது."

சொல்லிக்கொண்டே கீழ்பென்னாத்தூர் காசியம்மாள் படத்துக்கும் அருணகிரிக்கும் நடுவில் போய் நின்றாள். அருணகிரி தபால் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலைஞன். திருவண்ணாமலை போட்டோ சங்கம் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்த கண்காட்சியில் அவன் எடுத்த படத்துக்குத்தான் முதல் பரிசு. சுற்றிலும் கோபுரங்கள். ஆளுக்கு ஒரு கோபுரம்தான் என்று சங்கம் தீர்மானம் போட்டிருந்ததால், ஒருவர் விடாமல் ஆளுக்கு ஒரு கோபுரம் கொண்டுவந்திருந்தார்கள். மிச்சமெல்லாம் சாமியார்கள். கிரிவலப் பாதைச் சாமியார்களும் கேமரா உறை திறக்கிற சத்தம் கேட்டாலே தாடியைக் கோதிக்கொண்டு மலைப் பக்கம் திரும்பி உட்காரப் பழகிவிட்டார்கள். இவற்றுக்கெல்லாம் நடுவே காசியம்மாள்: சுருக்கம் விழுந்த முகம், வானத்தில் கண், நீட்டிய உள்ளங்கை. அடியில் கறுப்பு மையில் 'யாருமற்றவள்'.

யாருமற்றவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பையன் சகாதேவனுக்குப் பெண் கொடுப்பதாக அடி அண்ணாமலை கிராமத்துக் கண்ணாயிரம் பேசி, பூ வைக்க நாளும் குறித்திருந்தார். டவுனுக்கு வந்தவர், வெயிலுக்கு ஃபேன் காற்று வாங்கலாமென்று மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறார். சுவரில் சம்பந்தியம்மா கையேந்தி நிற்கிறாள். யோசித்துச் சொல்கிறோம் என்று மறுநாளே ஆள் அனுப்பிவிட்டார்.

"அது நீங்க இல்லீங்கம்மா," என்றான் அருணகிரி. "பொதுவான முதுமை. உலகத்துல இருக்கிற எல்லாத் தாயும்."

"மூக்குத்தி என்னுது. தாடையில மச்சம் என்னுது. உலகத்துல எல்லாத் தாய்க்கும் இந்த எடத்துலயா மச்சம்?"

"நடுவர் வேலூர்லேர்ந்து வந்தவருங்க. பார்த்துட்டு கண்ணு கலங்கிட்டாரு."

"எனக்கு என்னா கொறன்னு அவரு கலங்குனாரு? பெத்தவளுக்குச் சோறு போடாதவனுங்கன்னு எங்க ஊரே பேசுது. சின்னவன் உள்ள வர வெக்கப்பட்டுக்கினு வாசல்ல நிக்கிறான்."

சங்கத்துச் செயலாளர் சக்கரவர்த்தி, டிராயிங் மாஸ்டர், மெல்லக் குறுக்கே வந்தார். "படத்தைக் கழட்டிடலாங்களாம்மா?"

அருணகிரியின் முகம் செத்துப்போயிற்று. அந்தப் படம் மெட்ராஸ் போட்டிக்குப் போகக் காத்திருந்தது.

"படம் இருக்கட்டும்," என்றாள் காசியம்மாள், அதை ஓரக்கண்ணால் பார்த்தபடி. "மூஞ்சி நல்லாத்தான் விழுந்திருக்குது. எழுத்தை மாத்துங்க."

"அப்ப கையை எதுக்கு நீட்டுனீங்க?" என்றான் அருணகிரி.

"தூறுதான்னு பார்த்தேன். வூட்டுல களத்துல மல்லாட்டை காயுது, நான் இங்க பஸ்ஸுக்கு நிக்கிறேன். மழை பார்க்கறவ கையை நீட்டாம காலையா நீட்டுவா?"

அதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த நேரம் வாய், அண்ணாமலையாரே காப்பாத்து என்று முணுமுணுத்ததையும், பஸ்ஸை விட்டு இறங்கிப் போனால் களம் குளமாகக் கிடந்ததையும், நிலக்கடலை பாதிக்குப் பாதி கறுத்துப் போனதையும் இவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? கல்யாணச் செலவு மொத்தமும் அந்தக் களத்தில்தான் கிடந்தது. அது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

கண்ணாயிரத்தைக் கையோடு கூட்டிவரச் சொல்லிச் சகாதேவனைச் சைக்கிளில் விரட்டினாள். அவன் திரும்புவதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். சக்கரவர்த்தி பிரஷ்ஷை நனைத்தார்.

"காசியம்மாள், கீழ்பென்னாத்தூர். மூணு ஆம்பளப் புள்ளைங்க. சொந்தக் கெணறு. பம்புசெட்டு."

"படத்துக்கு ஒரு மௌனம் வேணுங்கம்மா," என்றான் அருணகிரி அழாக்குறையாக.

"மௌனமா இருந்துதான் இந்தக் கதி. நீ எழுது வாத்தியாரே."

"எடம் பத்தலீங்களே."

"பக்கத்துக் கோபுரத்து மேல கொஞ்சம் ஏத்தி ஒட்டு. கோபுரத்துக்கா இங்க பஞ்சம்?"

கடைசி வரியாக, 'மழை தூறுகிறதா எனப் பார்க்கிறார்' என்று முடித்தார் சக்கரவர்த்தி.

கண்ணாயிரம் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பம்புசெட்டில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிரித்துவிட்டார்.

"நான் ஒண்ணு நெனச்சிட்டேன், சம்பந்தியம்மா. மனசுல வச்சிக்காதீங்க."

காசியம்மாளுக்கு உயிர் திரும்பி வந்தது. அருணகிரிக்கும்தான். படம் தப்பித்த சந்தோஷத்தில் கண்ணாயிரத்தின் தோளைத் தொட்டுக் கிட்டே கூட்டிப்போனான்.

"இப்படி வந்து பாருங்க. உள்ளங்கையில மழைத்துளி எவ்வளவு தெளிவா விழுந்திருக்குது. லென்சு அப்படி. சித்ரா பௌர்ணமி அன்னைக்கு எடுத்தது."

கண்ணாயிரம் மூக்கு படத்தில் முட்டுமளவு குனிந்தார். பார்த்தார். காசியம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இது தூறல் சொட்டு இல்லீங்களே," என்றார் அவர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்குப் பெஞ்ச மழையில எங்க களத்துல ஒண்ணும் மிஞ்சல. உங்க மல்லாட்டை எவ்வளவு தேறுச்சுங்க, சம்பந்தியம்மா?"