சனி ஞாயிறுத் தலையிடி

ரதிக்குத் தலையிடி சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்தான் வந்தது. திங்கள் விடிந்தால் ஆள் சுகம். மூன்று கிழமை இப்படிப் போனபிறகு அவர் யோசித்துப் பார்த்தார். கிழமை நாட்களில் சமையல் அவருடையது. சனி ஞாயிறு மருமகள் நிசாந்தினியுடையது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நிசாந்தினி மட்டக்களப்புப் பெண். மகன் வாகீசன் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, ரதியின் தங்கை துர்க்கா யூனியன்விலில் இருந்து போன் எடுத்து, அந்தப் பக்கத்து ஆட்கள் சாப்பாட்டில் மருந்து வைத்தால் மனிசர் பாயோடு ஒட்டிப்போவார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். யாழ்ப்பாணத்தார் காலங்காலமாகச் சொல்லிவரும் அசட்டுப் பகிடி. ரதியும் அன்றைக்குச் சிரித்தார். ஐந்து வருடம் கழித்து, புலம்பெயர்ந்து குடியேறிய அஜின்கோர்ட் வீட்டில் நெற்றியில் ஓடிக்கொலோன் பூசிக்கொண்டு படுத்திருக்கும்போது அவருக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பிறகு எல்லாமே அதற்குத் தீனிதான். நிசாந்தினி தான் சமைத்ததைத் தான் தின்பதில்லை. பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துக் கடித்துவிட்டு எழும்பிவிடுவாள். ஊரில் இருக்கும் தாயோடு கதைக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள், குரலும் தாழ்ந்துவிடும். கறியைத் துழாவிக்கொண்டே தன்பாட்டில் சிரிப்பாள். மாமியாருக்கு நஞ்சு வைக்கிறவள் வேறு எப்படித்தான் சிரிப்பாள் என்று ரதி தன்னையே கேட்டுக்கொண்டார். சமைக்கும்போது மூச்சு முட்டுகிறது என்று அந்தக் குளிரில் குசினி ஜன்னலை வேறு திறந்துவிடுவாள். கிழவி விறைத்துச் சாகட்டும் என்று நினைக்கிறாளாக்கும் என்று முணுமுணுத்தபடி ரதி போய் அதைப் பூட்டிவிட்டு வருவார்.

மகனிடம் சொல்லவும் வழியில்லை. வாகீசன் சனி ஞாயிறுகளில் கராஜுக்குள்ளேயே குடியிருந்தான். இருபது வயதுக் கார் ஒன்றைக் கழற்றிப் போட்டு, பொனற்றுக்கும் கதவுகளுக்கும் தானே பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தான். பெயின்ற் சரியாகப் பிடிக்க இருபது பாகை சூடு வேண்டுமாம். வெளியே மைனஸ் பதினெட்டு. அதற்காகக் காஸ் சிலிண்டரில் எரியும் பெரிய ஹீட்டர் ஒன்றை வாங்கினான். சூடு போகாமல் கராஜ் கதவின் கீழே பழைய துவாய்களைத் திணித்தான். பெயின்ற் மணம் வீட்டுக்குள் வராமல் குசினிப் பக்கக் கதவின் இடுக்கெல்லாம் ரேப் ஒட்டினான். பெயின்ற் அடிக்கும் நேரம் நெருப்பை அணைத்துவிட்டு, காய்வதற்கு மறுபடி மூட்டிவிட்டு வெளியே போய்விடுவான். எவ்வளவு கவனமான பிள்ளை என்று ரதிக்கு அதில் பெருமை வேறு.

நாலாவது கிழமை அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சனிக்கிழமை முழுக்க மருமகளின் கையால் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. தலையிடி வராவிட்டால் கள்ளி பிடிபட்டாள். மகனுக்கு முன்னால் நிறுத்தி, இந்த வீட்டில் அவளா நானா என்று கேட்டுவிடுவது. துர்க்காவுக்கும் சொல்லிவைத்துவிட்டு, உடைக்காத பிஸ்கட் பெட்டியும் பைப் தண்ணீருமாக அறைக்குள் இருந்தார்.

மூன்று மணிக்குத் தலை பிளந்தது. தின்ற பிஸ்கட்டும் சத்தியாய் வெளியே வந்தது. வேறு யாராவது என்றால் சாப்பாட்டில் பிழையில்லை என்று அந்த இடத்திலேயே விளங்கியிருக்கும். ரதிக்கு விளங்கியது வேறு. சாப்பாட்டில் இல்லையென்றால் இது செய்வினை. இனிப் பொறுக்க ஏலாது, நேரே கேட்டுவிடுவது என்று சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்கு வந்தார்.

நிசாந்தினி குசினி நிலத்தில் கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கண்ணை மட்டும் திறந்து மூடினாள். வாகீசன் வீட்டில் இல்லை. அடித்த கதவுகள் காயட்டும் என்று ஹீட்டரை எரியவிட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தான்.

ரதி பயந்துபோனார். இவளை வீட்டைவிட்டுத் துரத்தவேண்டும் என்று நினைத்தவர்தான், சாகவேண்டும் என்று நினைத்ததில்லை. 911-க்கு அடித்து, தெரிந்த இங்கிலீசில் மருமகள் விழுந்து கிடக்கிறாள் என்றார். வீட்டில் வேறு யாருக்காவது சுகமில்லையா என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள். தங்கையைத் தவிர ஒருவருக்கும் சொல்லாததை ரதி அந்த முகம் தெரியாதவளுக்குச் சொன்னார். தனக்கும் தலையிடி, தனக்கும் சத்தி. வீட்டில் எரிகிற ஹீட்டர் ஏதும் இருக்கிறதா என்று அவள் அவசரமாகக் கேட்டாள். இருக்கிறது என்றதும், இரண்டு பேரும் இந்த நிமிடமே வெளியே போங்கள் என்றாள்.

ரதி மருமகளின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து இழுத்தார். முன்வாசல் பனியில் இருவரும் செருப்புமில்லாமல் போய் விழுந்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் அளவுக்கருவியோடு உள்ளே போய், ஹீட்டரை அணைத்து, எல்லாக் கதவையும் திறந்துவிட்டு வந்தார்கள். பூட்டிய இடத்தில் எரிந்தால் அதிலிருந்து நச்சு வாயு வரும், அதற்கு மணமுமில்லை நிறமுமில்லை, ரேப் ஒட்டி அதை மறிக்க முடியாது என்றார்கள். இதற்கான அலாரம் எங்கே என்று கேட்டபோது ரதி தலையைக் குனிந்தார். புகைக்கும் சேர்த்து அடிக்கும் அலாரம் அது; மிளகாய் பொரிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று கழற்றி மேசை லாச்சிக்குள் போடச் சொன்னவர் அவர்தான். திரும்பி வந்த வாகீசன் கடைப் பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான்.

ஆம்புலன்சுக்குள் இருவருக்கும் ஒட்சிசன் மாஸ்க் போட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் நிசாந்தினி தன்னுடையதை விலக்கினாள்.

"உங்களுக்கும் தலையிடி இருந்ததாமே மாமி. ஏன் எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

ஒரு பொய்யைச் சொல்லித் தப்பியிருக்கலாம். ரதி உள்ளதைச் சொன்னார்.

"நீ சாப்பாட்டிலை எனக்கு ஏதோ போடுறாய் எண்டு நினைச்சன் பிள்ளை. துர்க்காவுக்கும் சொல்லிப்போட்டன்."

நிசாந்தினி ஏசுவாள் என்று ரதி காத்திருந்தார். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. இடையில் ஆம்புலன்ஸ் பெண் குனிந்து, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று நிசாந்தினியிடம் கேட்டாள். இல்லை என்று அவள் தலையாட்டினாள். பிறகு ரதியின் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தரம் ரெஸ்ற் பண்ணினன் மாமி. இல்லயெண்டுதான் காட்டின. நான்தான் நம்பல்ல. தலையும் சுத்துது, சத்தியும் வருது, புள்ளதான் எண்டு நெனச்சன். அம்மாக்கிட்டயும் சொல்லிப்போட்டன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று ஆம்புலன்ஸ் பெண் ரதியிடம் கேட்டாள். ரதி அழுதுகொண்டிருந்தார்.