திரும்பக் கூப்பிடும் வேலை

பஹ்மிதாவின் வேலை, விட்டுப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவது. சாய்ந்தமருதில் வீட்டு அறைக்குள் இருந்தபடியே, ஃபோனில் பந்தயம் பிடிக்கும் கொழும்புக் கம்பனி ஒன்றுக்குத் தமிழில் மெசேஜ் எழுதுகிறாள். கம்பனிக்கு லைசன்ஸ் உண்டு. வரியும் ஒழுங்காகக் கட்டுகிறது. 'நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்' என்று மனசுக்குப் பலமுறை சொல்லிவிட்டாள். சம்பள நாளில் மட்டும் மனசு அதைக் கேட்டுக்கொள்ளும். மற்ற நாட்களில் முரண்டு பிடிக்கும்.

வீட்டில் அது வெறும் 'கொம்பியூட்டர் வேலை'. தம்பி றாஸிக்கிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? கிரிக்கெட் பந்தயத்தில் சொந்த ஓட்டோவைத் தொலைத்துவிட்டு வாடகை ஓட்டோ ஓடுகிறவன் அவன். இனித் தொடுவதில்லை என்று குர்ஆனில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது மேலாளர் அழைத்தார். கிழக்கில் நிறையப் பேர் ஆட்டத்தை விட்டுவிட்டார்களாம். ஊர்ப் பேச்சிலேயே ஒன்று எழுதச் சொன்னார்.

அவள் முதலில் அனுப்பும் பட்டியலில் றாஸிக்கின் நம்பரைத் தேடித் தடுத்து வைத்தாள். பிறகு எழுதினாள்:

"என்ன மனே, கோவமா? கனநாளாக் காணல்ல. ஒருக்கா வந்திட்டுப் போ."

'மனே' என்று றாஸிக்கைக் கூப்பிட்டது உம்மா. உம்மா கண்மூடி மௌத்தான பிறகு அந்தச் சொல் வீட்டில் கேட்டதில்லை. எழுதும்போது அவளுக்கே உம்மாவின் குரல் கேட்டது. ஆனாலும் அனுப்பினாள்.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு றாஸிக் வந்தான். அவள் ஊற்றி வைத்த பிளேன்டிக் கோப்பையைத் தொடவில்லை. ஃபோனை நீட்டினான்.

"ராத்தா, இதப் பாருங்க."

அவள் எழுதியதேதான். ஆனால் அது வந்திருந்தது அவள் தடுத்து வைத்த நம்பருக்கு அல்ல.

"முந்திப் பந்தயம் கட்டவெண்டு ஒளிச்சி எடுத்த நம்பர் ராத்தா இது. எத்தினையோ மெசேஜ் வந்திச்சி, பாக்காம அழிச்சிட்டன். இது உம்மா கூப்பிடுற மாதிரி இரிக்கி. எனக்கு அழிக்க மனசு வருதில்ல. நீங்களே அழிச்சி விடுங்க."

பஹ்மிதா ஃபோனை வாங்கினாள். அழித்துவிட்டால் முடிந்தது, யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நினைப்புத்தான் அவளைச் சுட்டது.

"இத எழுதினவன் நல்லாயிரிப்பானா?" என்றான் றாஸிக்.

"எழுதினது நான்தான் மனே."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஃபோனை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே போனான். வாசலில் ஓட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அவன் கொண்டுபோன ஃபோனில் அந்த மெசேஜை அவள் இன்னும் அழித்திருக்கவில்லை.